மெஷின் ஓடுது, கணக்கு சரியா?

கணினியின் வேகத்துக்கும் கேகாலை மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், நான் ஒரு பென்சிலை எடுத்துக் காட்டுவேன். இந்த மாவட்டத்தில்தான் போகல காரீயச் சுரங்கம் இருக்கிறது. பாறை இடுக்குகளில் நரம்பு நரம்பாக ஓடும், மாசு மிகக் குறைந்த காரீயம் அங்கே கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய வடிவ அத்லொன், டியூரொன் புரொசெசர்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் மேற்புறத்தில் எல்1 என்று குறித்த சிறிய உலோகப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த ஜோடிகளின் இணைப்பை நிறுவனம் வெட்டிவிட்டால் புரொசெசர் ஓடும் வேகம் பூட்டப்பட்டுவிடும். சாதாரண பென்சிலை நன்றாகச் சீவி, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால் பூட்டுத் திறந்துகொள்ளும். காரீயம் மின்சாரத்தைக் கடத்தும், தந்திரம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த அத்லொன் எக்ஸ்பியில் வெட்டிய இடத்தை லேசரால் குழியாக்கிவிட்டார்கள். அதன் பிறகு வெறும் பென்சில் போதவில்லை.

அந்தப் பென்சில்களில் இருந்தது போகல காரீயமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் கண் விரியும்.

நான் கேகாலை டவுனில் கணினி திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஊர் தெஹியோவிட்ட பக்கம், றப்பர் தோட்டம். வீட்டில் மூத்தவர்கள் எல்லாரும் பால்வெட்டுக்குப் போனவர்கள். என் கடையில் விற்பதில் பாதி பாவித்த பொருள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, புது மதர்போர்ட் வாங்கும் கதையை எங்கள் ஆட்கள் பலர் அத்தோடு விட்டுவிட்டார்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கழித்துப் போட்ட பழைய போர்ட் ஒன்று கேகாலைக்கு வந்து, பிறகு யட்டியாந்தோட்டைக்கோ மாவனெல்லைக்கோ போய் இன்னும் நாலைந்து வருடம் உழைக்கும். அதனால்தான் பாவித்த பொருளைச் சோதிப்பது எனக்குப் பிழைப்பாகிப் போனது. கொழும்புப் பையன்கள் வேகத்துக்காகச் செய்வதை, விற்கும் பொருளில் மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் செய்கிறேன்.

முதலில், வேகத்தைக் கூட்டும் அந்த ஓவர்க்ளொக்கிங் என்பது என்ன? புரொசெசருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகரும். மதர்போர்ட் கொடுக்கும் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதுதான் வேகம். இன்றைய இயந்திரங்களில் அடிப்படை பெரும்பாலும் 100 மெகாஹேர்ட்ஸ். பெருக்கெண் 45 என்றால் 4,500. பயோஸ் என்ற ஆரம்பத் திரைக்குள் போய் இந்த எண்களில் ஒன்றைக் கூட்டுவதுதான் ஓவர்க்ளொக்கிங்.

இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இன்றும் மறக்காத பெயர் இன்டெல் செலரொன் 300ஏ. 1998 ஓகஸ்டில் வந்த மலிவான சிப். 66 மெகாஹேர்ட்ஸை நாலரையால் பெருக்கி 300. ஏபிட் பிஎச்6 போன்ற ஒரு போர்டில் போட்டு அடிப்படையை 100 ஆக்கினால் 450. இன்டெலின் அப்போதைய விலை கூடிய சிப் ஓடிய அதே வேகம்! இது மந்திரமல்ல. வேகம் குறைந்தது, கூடியது என்று ஒட்டப்படும் சிப்களில் பல ஒரே தொழிற்சாலையில், ஒரே முறையில் செய்யப்படுபவை. நிறுவனம் ஒவ்வொன்றையும் பரிசோதித்து, சந்தைக்கு எது தேவையோ அந்த எண்ணை அதன் மேல் அச்சிடுகிறது. அச்சிட்ட எண்ணுக்கும் சிப்பின் உண்மையான எல்லைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தைத் தேடிப் போவதுதான் இந்த விளையாட்டு.

ஆனால் அந்த இடம் இலவசம் இல்லை. வேகத்தைக் கூட்டினால் சிப்புக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். சூடோ, வோல்டின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைப் பத்து வீதம் கூட்டி, அதற்காக வோல்டையும் பத்து வீதம் கூட்டினால் சூடு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். 2023இல் ஒரு இன்டெல் சிப்பை 9 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோனவர்கள் அதைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள். கேகாலையில் மதியம் இரண்டு மணிக்கு என் மேசையில் இருப்பது ஒரு மேசை விசிறி.

மதர்போர்ட் வேகத்துக்கு லாயக்கா என்பதைப் பெட்டிப் படத்தையோ அதில் எரியும் கலர் லைட்டையோ பார்த்துச் சொல்ல முடியாது. நான் முதலில் புரொசெசர் சொக்கட்டுக்குப் பக்கத்தைப் பார்ப்பேன். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்டை ஒன்றே சொச்சம் வோல்டாகக் குறைத்துக் கொடுக்கும் உறுப்புகள் அங்கேதான் வரிசையாக இருக்கும். அவை எத்தனை, மேலே அலுமினியத் தகடு உண்டா, அது உண்மையில் சூட்டை வாங்குகிறதா, அல்லது வெறும் அலங்கார மூடியா? இது பலவீனமாக இருந்தால் நல்ல சிப்பைப் போட்டும் பிரயோசனம் இல்லை. பத்து நிமிடம் வேகமாக ஓடும், பிறகு போர்டே சூடு தாங்காமல் வேகத்தைத் தானாகக் குறைத்துவிடும். அடுத்தது, போர்டின் வரிசையைத் தீர்மானிக்கும் சிப்செட். இன்டெலில் புரொசெசர் வேகத்தைக் கூட்ட இசட் வரிசை வேண்டும். எச்610 போன்ற மலிவுப் போர்டில் ரேமைக்கூட அதன் சாதாரண எல்லைக்கு மேல் தள்ள முடியாது. ஏ.எம்.டி.யில் பி வரிசை, எக்ஸ் வரிசை இரண்டும் கைகொடுக்கும். ஏ520 வாங்கிவிட்டு என்னிடம் வந்து வேகம் கூட்டச் சொல்பவர்களுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம்.

இதுவரை சொன்னது எளிது. புரொசெசர் தாங்காவிட்டால் மெஷின் நின்றுவிடும், நீலத் திரை வரும், நமக்குத் தெரிந்துவிடும். ரேம் அப்படி இல்லை. அது சத்தம் போடாமல் பொய் சொல்லும்.

ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஐபிஎம்மில் ரொபர்ட் டெனார்ட் கண்டுபிடித்து 1968இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த மின்தேக்கியை ஓட்டைச் சிரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய பால் கசிந்துகொண்டே இருக்கும். பாதிக்குக் கீழே போகுமுன் யாராவது வந்து எட்டிப் பார்த்து, நிறைந்திருந்ததா காலியா என்று தீர்மானித்து, திரும்ப ஊற்ற வேண்டும். டிடிஆர்4 வரையான ரேமில் 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசையையும் ஒரு தடவை இப்படிப் புதுப்பித்துவிட வேண்டும் என்பது விதி. சூடு கூடக் கூடக் கசிவும் கூடும். 85 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் அந்த நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது தரநிர்ணயம். 16 ஜிபி ரேமில் ஏறக்குறைய 13,700 கோடி சிரட்டைகள். ஒன்று தவறினால் என்ன ஆகும்?

தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு அக்கா 18 கிலோ கொழுந்து நிறுக்கிறார். கணினிக்கு 18 என்பது 10010. இடப்பக்கத்து 1 சாய்ந்து 0 ஆனால் 00010, அதாவது 2 கிலோ. அன்றைக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர்கூட விழாது. நடுவில் 4க்கு உரிய 0 எழும்பி 1 ஆனால் 10110, அதாவது 22. அப்போது யாரும் முறைப்பாடு சொல்லமாட்டார்கள். மெஷின் நிற்காது, திரை நீலமாகாது, சம்பளப் பதிவான செக்ரோல் அழகாக அச்சாகி வெளியே வரும்.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் தேர்தல். பிரஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கவே முடியாத அளவுக்கு வாக்கு விழுந்திருந்தது. திரும்ப எண்ணியபோது கூடியிருந்தது சரியாக 4,096. இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண். அதாவது ஒரேயொரு பிட் 0விலிருந்து 1க்குத் தாவியிருக்கிறது. மென்பொருளைத் துருவிப் பார்த்தும் பிழை கிடைக்காததால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஓவர்க்ளொக் செய்யாத ரேமிலேயே இப்படி நடக்கும். 1978இல் இன்டெலின் டிம் மேயும் மறி வூட்ஸும், சிப்பை மூடும் பீங்கானில் கலந்திருந்த மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளே பிட்டைப் புரட்டும் என்று காட்டினார்கள். கூகுளின் சேர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஒரு வருடத்துக்குள் நூறு ரேம் துண்டில் எட்டுக்கு மேல் ஒரு பிழையாவது காட்டியதாகச் சொன்னது. சேர்வர்களில் பிழையைத் திருத்தும் ரேம் இருக்கும். நம் வீட்டு மெஷினில் பெரும்பாலும் இல்லை.

சரி, எப்படிச் சோதிப்பது?

கடைக்கு வரும் ரேமை முதலில் அழிறப்பரால் தேய்ப்பேன். தங்கப் பூச்சுள்ள பற்களில் படிந்த அழுக்குப் போனாலே பாதி நோய் குணமாகும். இந்த ஈரக் காற்றில் அழுக்குப் படிவதற்குச் சொல்லவா வேண்டும்! பிறகு ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிடுவேன். இதைப் பலர் செய்வதில்லை. தடுமாறும் ரேமோடு விண்டோஸைத் திறந்தால், கெட்டுப்போன எண்கள் டிஸ்க்கில் போய் எழுதப்படும். ரேமை மாற்றிய பிறகும் கல்யாணப் படம் திறக்காது.

பென் டிரைவில் மெம்டெஸ்ட்86. கிறிஸ் பிரேடி 1994இல் எழுதத் தொடங்கிய கருவி. மெம்டெஸ்ட்86+ என்று இலவச வடிவமும் உண்டு. விண்டோஸ் இல்லாமல் தனியாகவே ஓடும். அது செய்வது பொறுமையான வேலை. ரேம் முழுவதும் ஒரு கோலத்தை எழுதும், வாசித்துப் பார்க்கும், தலைகீழாக மாற்றி எழுதும், மறுபடி வாசிக்கும். கீழிருந்து மேலே போகும், மேலிருந்து கீழே வரும். ஒரு சோதனையில் எழுதிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருந்து, கசிந்து போனதா என்று பார்க்கும். இன்னொன்றில் ஒரே வரிசையை விடாமல் தட்டித் தட்டிப் பக்கத்து வரிசை புரள்கிறதா என்று பார்க்கும். இப்படிப் புரட்ட முடியும் என்பதை 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டபோது பெரிய பரபரப்பே எழுந்தது. முழுச் சோதனைக்கு மணிக்கணக்கு ஆகும். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்பது இங்கே செல்லாது.

பிழை வந்தால் குற்றவாளி யார் என்று பிடிக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் போட்டுப் பார்ப்பேன். பிழை துண்டோடு கூடவே போனால் ரேம். எந்தத் துண்டைப் போட்டாலும் அதே சொக்கட்டில் வந்தால் போர்ட். எல்லா இடத்திலும் வந்தால் புரொசெசரையும் பவர் சப்ளையையும் சந்தேகப்படுவேன். நாலு சொக்கட் உள்ள போர்டில் இரண்டு துண்டு போடுவதானால் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பெரும்பாலான போர்ட்களில் வழித்தடங்கள் அதற்கேற்பத்தான் போடப்பட்டிருக்கின்றன. இது மட்டும் மாறியிருந்து, "ரேம் பழுது" என்று தூக்கி வந்தவர்கள் ஏராளம்.

இதெல்லாம் சாதாரண வேகத்தில். அதன் பிறகுதான் வேகத்தைக் கூட்டுவது. இங்கேதான் பெட்டியில் இருக்கும் எண் ஆளை ஏமாற்றும். 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேமை வாங்கிப் போட்டால் அது முதலில் 2133இலோ 2666இலோதான் ஓடும். 3600 வேண்டுமென்றால் பயோஸில் எக்ஸ்எம்பி என்பதை ஓன் பண்ண வேண்டும். 1.2 வோல்ட் 1.35 ஆகும். இன்டெலே இதை ஓவர்க்ளொக்கிங் என்றுதான் சொல்கிறது, உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஆக, தாங்கள் ஓவர்க்ளொக் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்துகொண்டிருப்பவர்கள் நம் ஊரிலும் நிறைய.

இன்னொரு வேடிக்கை. 3200 ரேமில், எத்தனை துடிப்புக் காத்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் எண் சிஎல்16 என்று இருந்தால், கேட்ட எண் வந்து சேரத் தொடங்க 10 நனோசெக்கன் ஆகும். 3600இல் சிஎல்18 என்றாலும் அதே 10. டிடிஆர்5 6000இல் சிஎல்30, அதுவும் 10. இருபது வருடத்துக்கு முந்திய டிடிஆர்400இல் சிஎல்2? கணக்குப் போட்டுப் பாருங்கள், 10தான்! ஒரே நேரத்தில் வரும் சரக்கின் அளவு பதினைந்து மடங்கு கூடியிருக்கிறது, வந்து சேரும் நேரம் அங்கேயே நிற்கிறது. 3600க்கும் 3466க்கும் நடுவில் உயிரை விடுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

வேகம் கூட்டிய பிறகு மெம்டெஸ்ட் மட்டும் போதாது. அது ஓடும்போது புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் முழு மூச்சில் வேலை செய்வதில்லை, பெட்டிக்குள் சூடு ஏறுவதில்லை. அதனால் பிரைம்95 ஓட்டுவேன். ஜோர்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியின் மென்பொருள் அது. 2024 ஒக்டோபரில் அந்த முயற்சியில் கிடைத்த எண்ணில் 4 கோடியே 10 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. கணிதக்காரர்களுக்குத் தேடல், எனக்குச் சோதனை: விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போட்டு, ஒரு இடம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். 2016இல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த பிழையே இந்த மென்பொருள் ஓடும்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இதை நான் பிற்பகலில், பெட்டியை மூடி வைத்துத்தான் ஓட்டுவேன். ஏசி அறையில் விடியற்காலை பாஸாகும் மெஷின், தகரக் கூரையின் கீழ் இருக்கும் லயத்து வீட்டில் பங்குனி வெயிலில் பாஸாகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அண்மைக் காலத்தில் பெரிய கம்பனிகளே இதில் சூடு பட்டிருக்கின்றன. 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் 7800எக்ஸ்3டி சிப்கள் சில சொக்கட்டிலேயே வெந்து வீங்கின. ரேமின் வேகப் புரொஃபைலை ஓன் பண்ணியதும் சில போர்ட்கள் புரொசெசருக்குள் இருக்கும், நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு வோல்டை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தன. ஏ.எம்.டி. பிறகு அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்கள் தடுமாறின. கேம் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று திரை சொல்லும், பழுதோ புரொசெசரில். நல்ல கிராபிக்ஸ் கார்டுகளை எத்தனை பேர் வீணாக மாற்றினார்களோ. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். பாவித்த சிப் வாங்குபவர்கள் இந்த இரண்டு தலைமுறையில் பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்காமல் காசை எடுக்கக் கூடாது.

போன மாதம் ஒரு தம்பி, கொழும்பில் வேலை செய்பவர், பாவித்த போர்டும் இரண்டு ரேம் துண்டும் கொண்டுவந்தார். "அண்ணே, ஓன் ஆகுது, கேம் ஓடுது, எல்லாம் சரிதானே?" என்றார். "ஓடுது தம்பி, கணக்கு சரியான்னு பாக்கணும். விட்டுட்டுப் போங்க" என்றேன். சாதாரண வேகத்தில் இரவு முழுக்க ஓடியது, பிழை இல்லை. 3600இல் இரண்டு மணி நேரம் சுத்தமாக ஓடி, பிறகு ஒரு பிழை. 3533இலும் வந்தது. 3600க்கு மேலே ஏற்றிப் பார்த்தபோது திரையே வரவில்லை. பட்டன் பற்றரியைக் கழற்றிப் போட்டுப் பயோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 3466இல் மெம்டெஸ்டும் பிரைம்95உம் பாஸ். வோல்டை இன்னும் கூட்டினால் 3600ஐப் பிடித்திருக்கலாம். இந்தச் சூட்டில் எனக்கு அதில் விருப்பமில்லை.

"பெட்டியில 3600ன்னு போட்டிருக்கே அண்ணே."

"பெட்டி உங்க போர்டைப் பாத்துப் போட்டதில்ல தம்பி. கேம்ல உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சா திருப்பிக் கொண்டாங்க."

போர்டில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி, வேகம், வோல்ட், எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிக் கொடுத்தேன். பாவித்த பொருள் வாங்கும்போது கடைக்காரரிடம் இப்படி ஒரு காகிதம் கேளுங்கள். தராவிட்டால் ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓடவிடச் சொல்லுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் எங்கள் பக்கம் இடி இறங்கும், அந்த நேரம் நான் சோதனையே ஓட்டுவதில்லை. இதைச் சொன்னபோது, பிளக்கைக் கழற்றிவிடுவதாகத் தம்பி சொன்னார். பிளக் மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்ற வேண்டும். என் கடைக்கு வந்த செத்த போர்ட்கள் பலவற்றுக்கு மின்னல் புகுந்தது அந்த வயர் வழியாகத்தான்.